வராதவளுக்கு ஒரு மோமோ

அந்தச் சனிக்கிழமை சரியாக ஏழே காலுக்கு எல்லாம் கோணலாகப் போகத் தொடங்கியது. அதுவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஒரு மரியாதையான டீச்சர். இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குத் தாமதமாகப் போனாலும், "வாங்க, உங்களுக்கு ஒரு மோமோ எடுத்து வச்சிருக்கு" என்றுதான் வரவேற்கிறார்கள்.

காரணம் என் மகள் நித்யா. சென்னையில் வேலை. போனில் பேசும்போதெல்லாம் நண்பர்களோடு போய்வந்த ஹோட்டல்களைப் பற்றிச் சொல்வாள். தட்டை நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவார்களாம். நான் வந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். "உனக்கு அதெல்லாம் செட் ஆகாதும்மா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

அடுத்த மாதம் அவளைப் பார்க்கப் போவதற்குள் பழகிவிடுவது என்று முடிவு செய்தேன். இராஜபாளையம் ரோட்டில் அப்படி ஒரு கடை புதிதாகத் திறந்திருந்தது. சீனா, ஜப்பான், கொரியா எல்லாவற்றுக்கும் கறிவேப்பிலை போட்டுத் தாளிக்கிற கடை. துணைக்குக் கல்லூரித் தோழிகள் செல்வியையும் ஜெசிந்தாவையும் இழுத்துக்கொண்டு போனேன். (ஒத்திகை என்று சொல்லவில்லை. ட்ரீட் என்றேன்.) ஆறு பேர் உட்காரும் மேஜைதான் கிடைத்தது.

முதலில் மோமோ வந்தது. கொழுக்கட்டை மாதிரி, தட்டுக்கு நாலு. எங்கள் வீடுகளில் எதைச் செய்தாலும், வராதவர்களுக்கு எடுத்துவைத்த பிறகுதான் இருக்கிறவர்கள் கை வைப்போம். என் கை தானாக ஒன்றை எடுத்து ஒரு காலித் தட்டில் வைத்தது.

"அது யாருக்குட்டி?" என்றாள் செல்வி.

"நித்யாவுக்கு."

"அவ மெட்ராஸ்லல்லா இருக்கா?"

ஜெசிந்தா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மகன் பட்டாளத்தில், எங்கோ பனிமலையில் இருக்கிறான். அவளும் ஒன்றை எடுத்து இன்னொரு தட்டில் வைத்தாள். செல்வி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். மில்லில் ஷிப்டில் இருக்கும் கணவர் நினைவு வந்திருக்க வேண்டும். மூன்றாவதை அவள் எடுத்தாள்.

நடுவில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதை நீ எடு, நீ எடு என்று மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டிருந்தோம். தட்டு காலியானால்தான் அடுத்தது வரும் என்பது அந்தக் கடை வழக்கம். சர்வர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ஸ்பூனால் அதை மூன்றாக வெட்டினேன். உள்ளே இருந்த முட்டைகோஸ் என் மடியில் விழுந்தது. அதுதான் என் பங்கு.

சிக்கன் வந்தபோதும் இதே கதை. அடுத்து வந்த ரோலுக்கும் இதே கதை. வராத மூன்று பேருடைய தட்டுகளும் குவிந்துவிட்டன. வந்த மூன்று பேரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

இன்னும் ஆள் வர வேண்டுமா என்று சர்வர் பணிவாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"மக வாரா. பஸ்ல வந்துக்கிட்டு இருக்கா" என்றேன். சொன்னதும் எனக்கே அது உண்மைபோல இருந்தது. வாசலைக்கூட ஒருமுறை பார்த்தேன்.

வாசலில் பிள்ளைகுட்டிகளோடு ஒரு கூட்டம் இடத்துக்காகக் காத்து நின்றது. அத்தனை கண்ணும் எங்கள் காலி நாற்காலிகள் மேல். மேனேஜர் வந்து விசாரித்தார். பக்கத்தில் வன்னியம்பட்டி வரை வந்துவிட்டாள் என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் வந்தார். பஸ் பஞ்சர் என்றேன்.

"ஏட்டி, யாரையாச்சும் வரச் சொல்லு. எந்திரிக்கச் சொல்லிருவாக" என்று ஜெசிந்தா காதில் சொன்னாள். கைகழுவும் இடத்துக்குப் போய் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, ஒன்றும் கேட்காமல் உடனே வரச் சொன்னேன்.

வந்தார். எனக்கு நெஞ்சுவலி என்றே நினைத்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து நித்யாவின் நாற்காலியில் விழுந்தார். பஸ்ஸில் வரவேண்டிய மகள் மீசையோடு உட்கார்ந்திருப்பதை வாசல் கூட்டம் முழுக்கப் பார்த்தது.

நடந்ததைச் சொன்னேன். தட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி யாருடையது என்று கேட்டார். கடைசியாக, "எனக்கு?" என்றார்.

நான் மடியில் இருந்த முட்டைகோஸைப் பார்த்தேன்.

அவர் செல்போனை எடுத்து, வீடியோவில் நித்யாவைக் கூப்பிட்டு, அவள் தட்டுக்கு மேல் பிடித்தார். விவரம் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அம்மா, அது எல்லாரும் ஷேர் பண்ணிச் சாப்பிடுற எடம்மா."

எனக்குச் செட் ஆகவில்லைதான் என்று நினைத்தபடி மடியைத் துடைத்தேன். மகளிடம் 'சாப்பிட்டியா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியறியாத மனிதர், போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"அதத்தான் ஒங்கம்மா பண்ணிருக்கா. ஒம் பங்கு ஆறிப்போச்சு. எப்ப வார?"