நரசிம்மனின் உற்பத்தி மதிப்பீடு

ஒரகடம் பக்கத்தில் பம்பு செய்யும் ஒரு கம்பெனிக்கு, 1991ஆம் வருஷம், ஒரு கம்ப்யூட்டர் எழுந்தருளியது. அதற்குத் தனி அறை, ஏசி, நெற்றியில் குங்குமம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அதே கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர்கள் ஒரு மின்விசிறி கேட்டுக் கொடுத்த மனு இன்னும் பரிசீலனையில் இருந்தது.

லேத் ஓட்டிய நரசிம்மனுக்கு வேறு கவலை. கல்யாணமாகி வெகு நாளாகியும் குழந்தை இல்லை. ஊரே அவன் மனைவி ராஜம்மாவைத்தான் பேசியது; கம்பெனியில் அவனைக் கேலி பேசினார்கள். அவன் அம்மா குன்றத்தூரில் இரண்டாந்தாரமாகப் பெண்ணே பார்த்து வைத்துவிட்டாள். சென்னை டாக்டரோ, ராஜம்மாவிடம் குறையில்லை, நரசிம்மனின் விந்தில்தான் அணுக்களைக் காணோம் என்றார். உள்ளே உற்பத்தியாகி வழியில் அடைத்துக்கொண்டிருக்கலாம்; விரையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் தெரியும்; இருந்தால் அடைப்பைச் சரிசெய்யப் பார்க்கலாம் என்றார். நரசிம்மனுக்கு ஊசி என்றால் பயம். ஆனால் ராஜம்மா இத்தனை நாள் வாங்கிய பேச்சை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருந்தது.

லீவும் மருத்துவ உதவியும் கேட்டு, பணியாளர் அதிகாரி பலராமனிடம் போனான்.

"கெடைக்குமா கெடைக்காதான்னு தெரியாம எப்படிய்யா சாங்ஷன் பண்றது? கெடைக்கும்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கினு வா."

"அத பாக்கத்தான் சார் ஊசியே."

"அப்போ கெடைச்சப்புறம் வா. ஊசிக்கு சாங்ஷன் பண்றேன்."

நரசிம்மன் நகராமல் நின்றான். பலராமனுக்கும் மனம் இளகியது. அடுத்த மாதம் எத்தனை பம்பு தயாராகும் என்பதை முந்தைய உற்பத்தியை வைத்துக் கணித்துச் சொல்லும் கம்ப்யூட்டருக்கு இது எம்மாத்திரம் என்று, அவனைச் செருப்பில்லாமல் உள்ளே அழைத்துப் போனார். முந்தைய உற்பத்தி என்ற இடத்தில் பூஜ்யம் போட்டார். இயந்திரம் வெகுநேரம் சிந்தித்து, எதிர்கால உற்பத்தி பூஜ்யம் என்று கரகரவென அச்சடித்தது.

"விஞ்ஞானமே சொல்லிடுச்சு. நான் இன்னா பண்றது?" என்றார் பலராமன்.

"மிஷினு சரியா சொல்லுதான்னு பாத்துக்கலாம் சார். உங்களுக்கு ரெண்டு பசங்க கீறாங்க. உங்கள போட்டுப் பாருங்க."

பலராமன் சிரித்துக்கொண்டே போட்டார். இரண்டாவது பையன் பிறந்ததும் அவர் மனைவி குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள். பையனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. இயந்திரத்துக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. கடந்த பல ஆண்டுகளின் உற்பத்தியைப் பார்த்தது. பூஜ்யம் என்றது.

பலராமன் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வெளியே மூச்சு விடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையுடன் அங்கேயே லீவுக்கும் மருத்துவ உதவிக்கும் கையெழுத்துப் போட்டார்.

சென்னையில் ஊசி போட்டார்கள். வலித்தது. அணுக்கள் இருந்தன. அடைப்பை எடுக்கத் தேதி குறித்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நரசிம்மன் கூச்சமில்லாமல் அழுதான். ராஜம்மா அழவில்லை. "உங்க அம்மா கையில நீயே போய் சொல்லு. தெருவே கேக்கணும்," என்றாள். அவன் அப்படியே சொன்னான். குன்றத்தூர்ப் பெண் தப்பித்தாள்.

இதற்கிடையில், பூஜ்யத்தில் தனியாக இருக்கப் பிடிக்காத பலராமன், புள்ளிவிவர நலன் கருதி, பிள்ளை பெற்ற ஊழியர்கள் அனைவரையும் கம்ப்யூட்டர் மதிப்பீட்டுக்கு உட்படுத்தும்படி சுற்றறிக்கை விட்டிருந்தார். கிட்டத்தட்ட எல்லோருக்கும் பூஜ்யம். போன மாதம் குழந்தை பெற்ற வாட்ச்மேனுக்கு மட்டும், மாதம் ஒன்று தவறாமல் பிறக்கும் என்று வந்தது. அவர் அன்றே மயங்கி விழுந்தார்.

லீவு முடிந்து வந்த நரசிம்மனைப் பலராமன் கம்ப்யூட்டர் அறை வாசலிலேயே ஓரங்கட்டினார்.

"நரசிம்மா, அந்த டாக்டர் அட்ரஸ் குடு."

"எதுக்கு சார்? உங்களுக்குத்தான் ரெண்டு பசங்க கீறாங்களே."

"பசங்க இருக்காங்கய்யா. கம்ப்யூட்டர் இல்லேங்குதே."

நரசிம்மன் விலாசம் சொன்னான். பலராமனுக்குப் பின்னால், இத்தனை நாள் அவனைக் கேலி பேசிய பாதி கம்பெனி, கழற்றிய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.