ஏழாவது நாற்காலி

"டாக்டர் எங்கே?" என்று பெரிய சிஸ்டர் கேட்டபோது ஆபரேஷன் தியேட்டரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருவிகள் தட்டில் வரிசையாகப் படுத்திருந்தன. மயக்க டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றி, ஒரு தட்டுத் தட்டிக் குமிழியை விரட்டிக்கொண்டிருந்தார். அறுக்க வேண்டியவரை மட்டும் காணோம்.

"கூட்டத்துக்குப் போயிருக்கார்," என்றாள் சின்ன சிஸ்டர்.

"என்ன கூட்டம்?"

"ஆள் பற்றாக்குறைக் கூட்டம்."

பெரிய சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். அன்று காலையிலிருந்து பல முறை செய்திருந்தார்.

அந்த மருத்துவமனையின் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவில் ஒரு காலத்தில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் வெளிநாடு போனார். இன்னொருவர் தூங்கப் போனார். ராஜினாமாவுக்கு என்ன காரணம் என்று கேட்டவர்களிடம், "தூங்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மிச்சமிருந்தவருக்கு ஒத்தை டாக்டர் என்று பெயர் வந்தது.

வெளியே சக்கர நாற்காலியில் தையல்காரர் காத்திருந்தார். ஸ்டிரெச்சர் கிடைக்கவில்லை. ஸ்டிரெச்சர் இருந்தது, அதன் சக்கரத்தைச் சரிசெய்கிறவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். காலையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த தையல்காரருக்குத் திடீரென்று வலது கால் மரத்து, வெளுத்து, ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. தொடைக் குழாயில் ரத்தக்கட்டி.

"மதியத்துக்குள்ள கட்டியை எடுத்துட்டா கால் நிக்கும். லேட்டானா காலையே எடுக்கணும்," என்று தையல்காரரின் மனைவியிடம் சொல்லியிருந்தார் ஒத்தை டாக்டர். சொன்ன கையோடு, "கூட்டத்துல தலையைக் காட்டிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்," என்று போனவர்தான். அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

பெரிய சிஸ்டர் மாடிக்கு ஓடினார். லிஃப்ட் நின்றிருந்தது. அதை ஓட்ட ஆள் இல்லை.

கூட்ட அறையில் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். இயக்குநர் உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை. பின்னால் திரையில் ஒரு வட்டம், அதற்குள் பல வண்ணத் துண்டுகள்.

"உழைப்பாளி என்பவர் யார்?" என்று அவர் அறையைக் கேட்டார். அறைக்குத் தெரியவில்லை. கடைசி நாற்காலியில் ஒத்தை டாக்டரின் தலை மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஆமோதிக்கிறார் என்று இயக்குநர் நினைத்துக்கொண்டார். டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பெரிய சிஸ்டர் தோளைத் தொட்டு எழுப்பினார். "டாக்டர், தையல்காரர் கால் முழங்கால் வரைக்கும் ஜில்லுன்னு ஆயிடுச்சு."

டாக்டர் விருட்டென்று எழுந்தார்.

"உட்காருங்க டாக்டர்," என்றார் இயக்குநர். "ஏழு பேர் இருந்தாத்தான் கூட்டம் செல்லும். நீங்க எழுந்தா கலைஞ்சிடும்."

"குழுவுல பன்னிரண்டு பேராச்சே சார்?"

"மத்தவங்க வேலையை விட்டுட்டாங்க. அதைப் பத்தித்தானே பேசிட்டிருக்கோம். கலைஞ்சா இனி ஆறு மாசம் கழிச்சுத்தான்."

டாக்டர் பெரிய சிஸ்டரின் காதோடு பேசினார். "இன்னொரு டாக்டர் போடறதைப் பத்தி இன்னிக்குத்தான் முடிவு பண்றாங்க. இன்னும் ஆறு மாசம் ஒண்டியா ஓட்டினா அந்த மேஜையில என்னைத்தான் படுக்க வைக்கணும். அப்ப யார் அறுப்பா, நீங்களா?"

"அவர் கால்?"

"அதான் எனக்கும் பதறுது."

இயக்குநர் பெருந்தன்மையோடு வழி சொன்னார். "உங்க பிரிவு ஆள் யாராவது அந்த நாற்காலியில இருந்தா சரி. நபர் முக்கியமில்ல சிஸ்டர், பிரதிநிதித்துவம்தான் முக்கியம்."

அவ்வளவுதானே என்று பெரிய சிஸ்டர் கீழே ஓடி, மயக்க டாக்டரை மேலே அனுப்பினார். ஒத்தை டாக்டர் கீழே வந்தார். கை கழுவினார். கழுவிய கைகளை மார்புக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தியேட்டருக்குள் நுழைந்தார்.

"மயக்க மருந்து யார் குடுப்பா?"

சில உண்மைகள் கேள்வியாக வந்த பிறகுதான் மண்டையில் ஏறும்.

பெரிய சிஸ்டர் சின்ன சிஸ்டரை மேலே அனுப்பி மயக்க டாக்டரை மீட்டார். அவர் வெறுங்கையோடு வரவில்லை. உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்துக்குள் இயக்குநர் அவரை 'பணியாளர் ஓய்வு நேர ஆய்வுத் துணைக்குழு'வின் அமைப்பாளர் ஆக்கியிருந்தார்.

"சாயங்காலம் அறிக்கை குடுக்கணுமாம்," என்றார் மயக்க டாக்டர். "இதுக்கு நடுவுல ஓய்வு வேற எடுக்கணுமாம், அனுபவத்துக்காக."

"முதல்ல இங்க மருந்து குடுங்க."

"குடுக்கறேன். கருவி எடுத்துத் தர்ற பொண்ணு எங்கே?"

அந்தப் பெண் மாடியில் ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்து, உழைப்பாளி யார் என்று தெரிந்துகொண்டிருந்தாள்.

"நான் எடுத்துத் தர்றேன்," என்றார் பெரிய சிஸ்டர்.

"அப்ப வெளியிலேர்ந்து நூல், ரத்தம், குழாய் இதெல்லாம் ஓடி எடுக்க யார்? நீங்க கையுறை போட்டுட்டா கதவைக்கூடத் தொடக் கூடாது."

ஒத்தை டாக்டர் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. தூக்கிய கைகளைத் தூக்கியபடியே சுவரில் சாய்ந்து, நின்ற நிலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய சிஸ்டர் வார்டுக்குப் போன் போட்டார். எடுத்தது வார்டு உதவியாளர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பதால் ரேடியோ என்று பெயர்.

"ரேடியோ, நான் சொல்றதை மட்டும் கேளு. நம்ம பிரிவுல சும்மா உட்கார்ந்திருக்கற ஆள் யாராவது இருந்தா, உடனே மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டத்துல உட்கார வச்சிட்டு, சின்ன சிஸ்டரைக் கீழ அனுப்பு."

"யாரா இருந்தாலும் பரவாயில்லையா சிஸ்டர்?"

"உசிரோட இருந்தா போதும்."

ரேடியோ வேலையில் கெட்டி. சின்ன சிஸ்டர் மூச்சிரைக்கக் கீழே வந்து சேர்ந்தாள். அவளும் ஒரு துணைக்குழுவில் இருந்தாள், ஆனால் சாதாரண உறுப்பினர்தான். தியேட்டரில் இப்போது எல்லோரும் இருந்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு முழுக் கூட்டம். பெரிய சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒத்தை டாக்டரை எழுப்பி மறுபடி கை கழுவ வைத்தார்.

"நோயாளியை உள்ள கொண்டு வாங்க."

சின்ன சிஸ்டர் கதவைத் திறந்தாள். வராந்தாவில் தையல்காரரின் மனைவி மட்டும் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?"

"ஒருத்தர் வந்து தள்ளிட்டுப் போனாரே. ஆபரேஷனுக்குத்தான்னு நினைச்சேன். மாடியிலயா பண்றீங்க?"

பெரிய சிஸ்டர் இந்த முறை கண்ணை மூடவில்லை. நேரமில்லை.

படிக்கட்டில் ரேடியோ எதிரே வந்தார். சக்கர நாற்காலியை இன்னொரு ஆளோடு சேர்ந்து மாடிக்குத் தூக்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது.

"நோயாளியைக் கொண்டுபோய்க் கூட்டத்துல வச்சியா?"

"வார்டு பூரா தேடினேன் சிஸ்டர். எல்லாரும் ஓடிட்டிருக்காங்க. நம்ம பிரிவுல சும்மா உட்கார்ந்திருந்தது அவர் ஒருத்தர்தான்."

கூட்ட அறையிலிருந்து கைதட்டல் கேட்டது.

தையல்காரர் பச்சை நிற ஆபரேஷன் அங்கியும் தலையில் பச்சைத் தொப்பியுமாக மேஜை முன்னால் இருந்தார். பக்கத்துக் கம்பியில் மருந்துப் பாட்டில் தொங்கி, சொட்டுச் சொட்டாகக் கையில் இறங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் தியேட்டருக்குள் ஒருநாளும் கால் வைத்தவரில்லை. பச்சை உடுத்தியவர் எல்லாம் அவருக்கு ஊழியர்தான்.

"இவரைப் பாருங்க," என்று இயக்குநர் தழுதழுத்தார். "உடம்பு முடியல. டிரிப் ஏறிட்டிருக்கு. கால் நடக்க வரல. ஆனாலும் வேலைக்கு வந்திருக்கார். இதுக்குப் பேர்தான் அர்ப்பணிப்பு."

மறுபடி கைதட்டல். தையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாழ்க்கையில் யாரும் அவருக்குக் கைதட்டியதில்லை. வலியோடு வலியாகக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், இவரை நான் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்றார் பெரிய சிஸ்டர்.

இயக்குநர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? டிரிப் முடியறதுக்குள்ள மறுபடி வேலைக்கு இழுக்கறாங்க. இந்தக் கலாசாரத்தைத்தான் நான் மாத்தணும்னு சொல்றேன்."

"சார், இவர் போகலன்னா காரியம் கெட்டுடும்."

"எந்த மனுஷனும் தன்னை விட்டா ஆளில்லன்னு நினைக்கக் கூடாது சிஸ்டர்."

"இந்த ஆபரேஷனுக்கு இவரை விட்டா நிஜமாவே ஆளில்ல சார்."

தையல்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "சிஸ்டர், விரலெல்லாம் நீலமாயிட்டு வருது," என்றார் மெதுவாக.

பெரிய சிஸ்டர் அதற்குமேல் யோசிக்கவில்லை. பின்னாலேயே ஓடி வந்திருந்த தையல்காரரின் மனைவியைப் பிடித்தார். கணவன் தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். ஏழாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"நான் என்ன பேசணும் சிஸ்டர்?" என்றாள் அவள்.

"ஒண்ணும் பேச வேணாம். நாங்க கூப்பிடற வரைக்கும் எழுந்திருக்காதீங்க, அது போதும். அவர் காலுக்கு நான் பொறுப்பு."

"புது ஆளா?" என்றார் இயக்குநர்.

"இன்னிக்குத்தான் சேர்ந்தாங்க சார்."

"இந்தக் காலத்துல உங்க பிரிவுலயும் ஆள் சேருதே," என்று இயக்குநர் மகிழ்ந்து, வட்டத்தின் அடுத்த துண்டுக்குப் போனார்.

தியேட்டரில் யாரும் வேண்டாத பேச்சுப் பேசவில்லை. ஒத்தை டாக்டர் தூக்கத்தை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. கத்தி கைக்கு வந்ததும் வேறு மனிதர் ஆகிவிட்டார். தொடைக்கு மேல் சின்னதாகத் திறந்து, நுனியில் குட்டி பலூன் வைத்த குழாயை உள்ளே செலுத்தி, பலூனை ஊதி, மெல்ல இழுத்தார். கறுப்பாக, நீளமாக, புழு மாதிரி வெளியே வந்தது ரத்தக்கட்டி. இன்னொரு முறை செலுத்தினார். இன்னும் கொஞ்சம் வந்தது. மூன்றாம் முறை ரத்தம் மட்டும் வந்தது.

எல்லோரும் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் அது யாரோ ஒருவருடைய கால் போலக் கிடந்தது. பிறகு கட்டைவிரல் முதலில் வெட்கப்பட்டது. அதைப் பார்த்து மற்ற விரல்களும் சிவந்தன. நாடி கேட்கும் சின்னக் கருவியைச் சின்ன சிஸ்டர் பாதத்தில் வைத்தாள். உஸ், உஸ், உஸ் என்று அறை முழுவதும் கேட்டது.

"மிஷின் மிதிப்பார்," என்றார் ஒத்தை டாக்டர். அதோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

தையல்காரரை வார்டுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் வராந்தாவில் இருந்தபோது அவர் மனைவி படியிறங்கி வந்தாள். பச்சைத் தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

"கால் தப்பிச்சிடுச்சும்மா," என்றார் பெரிய சிஸ்டர்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று அழுதாள். அழுது முடித்து பெரிய சிஸ்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒத்தை டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அது இருக்கட்டும்மா," என்றார் டாக்டர். "கூட்டம் கலையாம நடந்துச்சா?"

"கடைசி வரைக்கும் நான் அசையலயே. தீர்மானமே போட்டுட்டாங்க."

டாக்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "என்னன்னு போட்டாங்க?"

"இங்க புது டாக்டர் போடறதா, இல்ல இந்தப் பிரிவையே மூடிட்டு நோயாளிங்களை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறதான்னு பெரியவர் கேட்டாரு. மூணு பேர் போடணும்னாங்க, மூணு பேர் மூடணும்னாங்க. அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க."

பெரிய சிஸ்டர் அவள் கையைப் பிடித்தார். "நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"காலையிலேர்ந்து நீங்க எல்லாரும் படற பாட்டைக் கண்ணால பார்த்தவளாச்சே சிஸ்டர் நான், இனிமேலாவது இந்தப் புண்ணியவான்கள் வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கட்டும்னு, மூடறதுக்கே கையைத் தூக்கிட்டேன்."