ஒரே ஆணியில் இருபத்தொரு காலண்டர்

குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த ஆள் ஒருவர் இருந்தால், வீட்டில் எல்லோரும் அவரை நம்பிவிடுவார்கள். அதில் ஆபத்து கொஞ்சம்தான். பெரிய ஆபத்து, அவரும் தன்னை நம்பிவிடுவது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அம்மாவும் அத்தாவும் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலில் போனதே என்னைச் சேர்க்கத்தான்.

2005 வாக்கில் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அத்தாவுக்குச் சிவகாசி அச்சகங்களில் கழிவுத்தாள் எடுத்துத் தரம் பிரித்து விற்கும் தொழில். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கொல்லையில்தான் தாள் பிரிக்கும் கொட்டகையும் இருந்தது. வீடு ஆனைக்குட்டத்து அண்ணாச்சிக்குச் சொந்தம். ஊரில் விவசாயம் பார்ப்பவர். மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவார், டீ குடிப்பார், போவார். நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு அத்தா குடிவந்தபோது பத்திரம், காகிதம் எதுவும் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. அதில் முக்கியமான ஷரத்து, "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீக பாய்" என்பது. ஏற்கெனவே இருந்த ஒரே ஆணியில் வருடாவருடம் ஒரு மாதக் காலண்டரை மாட்டுவோம். பழையதைக் கழற்றுவதில்லை. புதியது அதன் மேலேயே ஏறிவிடும்.

அந்த வருடம் தீபாவளி சீசன் முடிந்த கையோடு அண்ணாச்சி வந்தார். மகனுக்குத் தையில் கல்யாணம், சிவகாசியிலேயே வேலை, வீடு வேண்டும் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

வீடு போனால் கொட்டகை போகும், கொட்டகை போனால் தொழில் போகும். அத்தா தாள் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவள அம்புட்டுப் படிக்க வச்சிருக்கோம்ல. அவகிட்ட கேளுங்க" என்றார் அம்மா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நாம காலி பண்ண வேண்டியதில்ல அத்தா. சட்டம் இருக்கு."

சட்டம் உண்மையிலேயே என்னிடம் இருந்தது. கழிவில் வந்த ஒரு சட்டப் புத்தகத்தின் ஒரே ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடித்த பதினாறு பக்கம். முப்பத்துமூன்றாம் பக்கத்தில் தொடங்கி நாற்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றுவிடும். அதன்படி நெடுநாள் குடியிருப்பவருக்கு உரிமைகள் உண்டு, ஆனால் அவர் நிரூபிக்க வேண்டியது என்னவென்றால்... (மீதி நாற்பத்தொன்பதாம் பக்கத்தில். அது எந்தப் பொட்டலமாகப் போயிற்றோ.)

நிரூபிக்க என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஆணியில் இருபத்தொரு வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுதப் படித்த நாளிலிருந்து வீட்டில் நடப்பதையெல்லாம் காலண்டர் கட்டங்களில் எழுதிவைப்பது என் வேலை. வெள்ளையடித்தது, ஓடு மாற்றியது, அடிபம்பு போட்டது எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். இதைவிடச் சாட்சி வேண்டுமா? நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. மீதியைப் பார்க்கவில்லை. (கல்லூரிப் பரீட்சைக்கும் நான் அப்படித்தான் படித்தேன்.)

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்து உட்கார்ந்ததும் மொத்தக் கட்டையும் அவர் முன்னால் இறக்கினேன். தூசியில் அவர் இரண்டு முறை தும்மினார்.

"என்ன தாயி இது?"

"ஆதாரம், அண்ணாச்சி."

மேலே இருந்ததைப் புரட்டினார். "பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டிருக்கே?"

"அது கழிவுல வந்தது அண்ணாச்சி. நாள் தப்பு, படம் நல்ல படம்" என்றார் அத்தா.

நான் விடவில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் போல நிமிர்ந்து நின்று வாசிக்கத் தொடங்கினேன். வெள்ளையடித்தோம். அடிபம்பு போட்டோம். மழையில் சுவர் விழுந்தது, நாங்களே கட்டினோம். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் "ஆமா, நெசந்தான்" என்று தலையாட்டினார். நான் நாலாம் வகுப்புப் படித்த வருடத்துக் காலண்டரை எடுத்தபோது அத்தா இருமினார். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னும் பலமாக இருமினார். அம்மா முதுகைத் தட்டினார். நான் குரலை உயர்த்தித் தொடர்ந்தேன். அதில் ஒரு தேதிக்கு அதன் கட்டம் போதாமல் பக்கத்துக் கட்டங்களையும் பிடித்து எழுதியிருந்தேன்.

"இன்று அண்ணாச்சி வந்தார். வீடு வேண்டும் என்றார். நான் பத்தாவது பாஸ் ஆனதும் வீட்டைத் தந்துவிடுகிறோம் என்று அத்தா சத்தியம் செய்தார். அண்ணாச்சி எனக்கு மிட்டாய் தந்தார்."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது எனக்கு எட்டியது. அத்தாவின் இருமல் நின்றிருந்தது.

"அட, இத நான் மறந்தே போனேன்" என்றார் அண்ணாச்சி மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "பத்தாவது பாஸ் ஆயிட்டியா தாயி?" என்று கேட்டார்.

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் கேட்டது மார்க் சம்பந்தப்பட்ட கேள்வி.

"பாஸ் மட்டுமில்ல அண்ணாச்சி, ஸ்கூல்லயே ரெண்டாவது" என்றேன்.

அண்ணாச்சி துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அம்மா நெற்றியில் கை வைத்தார். "படிக்க வச்சதுல தப்பில்ல. நாலாப்புலயே எழுத விட்டதுதான் தப்பு."

அத்தா சிரிக்கவில்லை. "சொன்னது சொன்னதுதான் அண்ணாச்சி. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. கொட்டகைய நெனச்சுத்தான் வாயத் தொறக்கல. தையில வீட்டத் தந்துடுறோம்" என்றார்.

அண்ணாச்சி எழுந்து கொல்லைக்குப் போனார். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி, பின்சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கல்யாணமாகி வார பிள்ளைகளுக்கு வீடு போதும் பாய். கொல்லைய வச்சு அவுக என்ன பண்ணப் போறாக? நடுவுல ஒரு சுவரு வைங்க. பின் தெருவுல வாசலத் தெறந்துக்கிடுங்க. கொட்டக எப்பவும் போல உங்ககிட்டயே இருக்கட்டும்."

அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா இந்தத் தடவ எழுதிக்கிடுவோம்" என்றார் அண்ணாச்சி. "வக்கீல் வேண்டாம். பாப்பாவே எழுதட்டும். அவளுக்குப் பாதகமா இருந்தாலும் உள்ளது உள்ளபடி எழுதுற பிள்ளை."

எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் ஒப்பந்தம் எங்களை வீட்டிலிருந்து வெளியேற்றிய ஒப்பந்தம். அதிலும் கையெழுத்து நன்றாக இருப்பதாக எல்லோரும் பாராட்டினார்கள். தையில் விஸ்வநத்தம் போகும் வழியில் வேறு வீடு பார்த்துப் போனோம். கொட்டகையில் அத்தா இன்றும் தாள் பிரிக்கிறார்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று, மருமகளைத் தொடர்ந்து படிக்க வைப்போம் என்று மாமியார் சொல்ல, அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "யோசிச்சுச் சொல்லுங்க மாமி, இவ எழுதி வச்சிருவா" என்றார். பிறகு முழுக் கதையும் சொல்லப்பட்டது. நான் மேலே படித்து முடித்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம். ஆனால் என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து உஷார். எங்காவது கூட்டிப்போங்கள் என்று கேட்டால், முதலில் என் கையைப் பார்க்கிறார்.

"பேனாவ அங்கன வச்சிட்டு வா, சொல்றேன்" என்கிறார்.