சோபாவைச் சுருக்கியவர்

தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று அட்டவணைக்காரர் சபதம் எடுத்தது குளியலறையில். அந்த வீட்டில் அவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக இருக்க முடிந்த ஒரே இடம் அதுதான். அங்கேயும் அன்றைக்கு அவர் துண்டைத் தொங்கவிடுவதற்குள் மனைவி கதவைத் தட்டினாள்.

“உள்ள தூங்கிட்டீங்களா?”

“குளிக்கறேன்!”

“தண்ணி சத்தமே கேக்கலையே?”

ஒரு மனிதன் சும்மா இருக்க ஓர் இடம் வேண்டாமா? அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். உள்ளே போய் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். அதற்குத்தான் அறை. வெளியே சொல்லும்போது மட்டும் “ஆபீஸ் வேலை” என்று சொல்லிக்கொள்வார்.

ஆபீஸ் வேலை என்பது நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது. காகிதத்தில் அவருடைய பஸ் ஒன்றுகூட தாமதமாக வந்ததில்லை. தெருவில் தாமதமாக வந்தால் அது தெருவின் தப்பு. மனைவியோ ஆஸ்பத்திரியில் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ். எந்த நோயாளிக்கு எந்தக் கட்டில் என்று ஒதுக்குவது அவள் கையில். இடமில்லை என்று அவள் சொல்லிவிட்டால் பெரிய டாக்டரே வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவார்.

அப்படிப்பட்டவள், அவர் அறை கேட்டபோது மறுக்கவில்லை.

“ஹாலைத் தடுத்து ரூம் போடணும், அவ்ளோதானே? தாராளமா போட்டுக்கோங்க.”

அவருக்குக் காது கேட்டது சரிதானா என்று சந்தேகம்.

“ஆனா என் சோபா நகரக் கூடாது. ஹால்ல நெருக்கடியா இருக்கக் கூடாது. படம் போட்டுக் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்.”

படம்தானே! வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் காகிதத்தில் அடக்கியவருக்கு ஒரு ஹாலை அடக்கத் தெரியாதா? அன்றே வீடு வரையும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கிக்கொண்டார். அன்றோடு அவர் நிம்மதி போயிற்று.

முதல் நாள் அடியில் எடுத்த அளவை மீட்டர் கட்டத்தில் தட்டிவிட்டார். திரையில் எழுந்த ஹாலுக்குள் அவருடைய டிப்போ பஸ்கள் அத்தனையும் வரிசையாக நின்றுவிட்டுப் போகலாம். டீ டம்ளரோடு எட்டிப் பார்த்த மனைவி, “கூட்டிப் பெருக்க எத்தனை ஆள் வைக்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அளவைச் சரி செய்தார். தரை வரவில்லை. தரையைத் தேடி எதையோ அமுக்கினார். கூரை வந்து வீட்டையே மூடிக்கொண்டது. கூரையைத் தூக்கினால் சோபா அந்தரத்தில் மின்விசிறிக்குப் பக்கத்தில் மிதக்கிறது. அதைக் கீழே இறக்கப் போய், கழிவறைப் பீங்கான் நடு ஹாலில் டிவிக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாம் ஒருவாறு கூடி வந்த வேளையில் மின்சாரம் போயிற்று. சேமித்து வைக்கவில்லை. அவர் அழவில்லை. அழுவதற்குத்தான் அறை இல்லையே.

கடைசியில் எதிர்வீட்டு சர்வேயரின் காலில் விழாத குறையாகப் போய் நின்றார்.

“தரையே வர மாட்டேங்குது சார்.”

“சுவரெல்லாம் மூலையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கா?”

“ஒட்டின மாதிரிதான் இருக்கு.”

“மாதிரி இருந்தாப் போதாது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது ரூம்னு ஒத்துக்காது. பெருசாக்கிப் பாத்து ஒட்டுங்க. சோபா மிதந்தா, தரையிலேருந்து உயரம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல சைபர் போடுங்க. ஒவ்வொரு சுவருக்கும் ஒருதரம் சேமிங்க.”

“சோபா பக்கத்துல சுவரை வச்சா சோபா செவப்பாயிடுது சார்.”

“இடிக்குதுன்னு அர்த்தம். இடம் இருந்தா பச்சை. இல்லாட்டி செவப்பு.”

“செவப்பைப் பச்சையாக்க என்ன வழி?”

சர்வேயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சோபாவைச் சுருக்கணும். அளவுக் கட்டத்துல கம்மியா போட்டா அது பாட்டுக்குச் சுருங்கிடும். ஆனா சார், படத்துலதான் சுருங்கும்.”

பின்பாதி அவர் காதில் ஏறவில்லை. அட்டவணைக்காரருக்குப் படத்தில் நடந்தால் நடந்த மாதிரிதான்.

உட்கார்ந்து சுருக்கினார். சோபாவைச் சுருக்கினார், பச்சை. டிவி அலமாரியைச் சுருக்கினார், பச்சை. கை வந்துவிட்டதால் சாப்பாட்டு மேஜை, செருப்பு அலமாரி என்று எதையும் விடவில்லை. ஹால் மைதானமாகிவிட்டது. ஓரத்தில் அவருடைய அறை, உள்தாழ்ப்பாளோடு, லட்சணமாக நின்றது. வீட்டுக்கு ஒரு களை இருக்கட்டும் என்று, சாஃப்ட்வேரில் கிடைத்த மனித பொம்மை ஒன்றைத் தூக்கி சோபாவில் உட்கார வைத்தார்.

மனைவி பகல் தூக்கம் கலைந்து எழுந்து வந்ததும் காட்டினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“யாரு இவரு? முழங்கால் தாடையில இடிக்குதே?”

“அது... வெளிநாட்டு பொம்மை. அங்க எல்லாரும் உயரம்.”

“ஓஹோ. அளவெல்லாம் சரியாத்தானே போட்டிருக்கீங்க?”

“டேப் வச்சு எடுத்தது! நூலிழை பிசகாது. சாஃப்ட்வேர் பொய் சொல்லாது தெரியுமா?”

“அடேங்கப்பா. அப்ப நம்ம ஹால் இவ்ளோ பெருசா? ரூம் போனப்புறமும் இந்த மூலை முழுக்கக் காலியா கெடக்கே!”

“அதான் சொன்னேன். நீதான் நம்பல.” அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாவம், அதுதான் கடைசியாக நிமிர்ந்தது.

“அப்ப உங்க மேஜையை அங்க போட்டுப் பாருங்களேன்.”

“எங்க?”

“அந்தக் காலி மூலையிலங்க.”

“அங்க எதுக்கு? அதான் ரூம் இருக்கே...”

“சும்மா பாக்கலாம். இடம் இல்லாட்டி அதுவே செவப்பா காட்டிடுமாமே?”

மேஜையை அறையிலிருந்து வெளியே இழுத்தார். சிவந்துவிடு, சிவந்துவிடு என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே மூலையில் வைத்தார். எத்தனை நாளாக எதைத் தொட்டாலும் சிவந்து முரண்டு பிடித்த அந்தப் பிசாசு, அன்றைக்கென்று பச்சைப்பசேல் என்று சிரித்தது.

“பாத்தீங்களா, அழகா உக்காந்துடுச்சு!”

“இல்லம்மா, நெஜத்துல கொஞ்சம் நெருக்கடியா...”

“எங்க நெருக்கடி? மேஜையைச் சுத்தி நடக்கவே இடம் இருக்கே.”

“சாஃப்ட்வேர்ல சில சமயம் தப்பு வரும்.”

“இப்பத்தானே பொய் சொல்லாதுன்னீங்க?”

அவர் விரல் மெதுவாக அளவுக் கட்டத்தின் பக்கம் நகர்ந்தது. சோபாவைக் கொஞ்சம், யாருக்கும் தெரியாமல், பெரிதாக்கிவிட்டால்?

“அங்க எதுக்குக் கை போகுது? டேப் வச்சு எடுத்த அளவைக் கெடுத்துடாதீங்க.”

கை திரும்பி வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தார். சொன்னால் அறையும் போகும், மானமும் போகும். சொல்லாவிட்டால் அறை மட்டும்தான் போகும். வாயை மூடிக்கொண்டார். கட்டில் ஒதுக்கும் அந்த முகத்துக்கு முன்னால் எத்தனையோ நோயாளிகள் இப்படித்தான் மூடிக்கொண்டிருப்பார்கள்.

“அப்ப அந்த ரூம் காலி,” என்றாள் மனைவி. “என் கட்டிலை அங்க போடுங்க. நைட் டூட்டி முடிஞ்சு வந்து என்னைக்காவது நிம்மதியா தூங்கியிருக்கேனா? பெட்ரூம்ல உங்க பீரோ. லீவு நாள்ல பத்து தரம் திறந்து பத்து தரம் சாத்தறீங்க. உங்க டிரைவருங்க போன் பண்ணி கத்தறது வேற. ஆபீஸ் வேலை பாக்கத்தானே உங்களுக்கு மேஜை? அதை ஹால்லயே பாக்கலாம்.”

“எனக்கு... தாழ்ப்பாள்...”

“மேஜைக்கு எதுக்குங்க தாழ்ப்பாள்?”

கட்டிலை அவரே தன் கையால் தன் அறையில் கொண்டுபோய் வைத்தார். அதுவும் பச்சை. சேமிக்கட்டுமா என்று சாஃப்ட்வேர் கேட்டது. அவர் தயங்கினார். மனைவியின் விரல் தயங்கவில்லை.

தச்சர் வந்தார், பலகையடித்துத் தடுத்தார், கதவு மாட்டினார், வழவழப்பான ஒரு தாழ்ப்பாளை உள்பக்கம் முடுக்கிவிட்டுப் போனார். கட்டில் உள்ளே போயிற்று, மனைவி உள்ளே போனாள், தாழ்ப்பாள் விழுந்தது. எவ்வளவு இனிமையான சத்தம் அது! அட்டவணைக்காரர் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மேஜையைத் தள்ளிக்கொண்டு மூலைக்குப் போனார். சோபா தன் முழு உடம்போடு குறுக்கே படுத்திருந்தது. நீளவாட்டில் தள்ளினார். குறுக்கே திருப்பினார். ஒரு காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். மேஜை சோபாவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் சிக்கி, முன்னாலும் வராமல் பின்னாலும் போகாமல் நின்றது. உள்ளே நின்று இழுக்கப் போனவர் மூலைப் பக்கமே மாட்டிக்கொண்டார். எட்டிக் கதவைத் தட்டினார்.

“ஏம்மா, மேஜை நுழைய மாட்டேங்குது.”

உள்ளேயிருந்து கொட்டாவியோடு குரல் வந்தது.

“சோபாவையே சுருக்கினவருக்கு மேஜையைச் சுருக்கத் தெரியாதா? சத்தம் போடாம சுருக்குங்க, நான் தூங்கணும்.”