பழப்புளி போட்ட ரிவோல்வர்

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து மத்தியானம் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் உள்ள தன் வீட்டுக்குள் குலசேகரம் நுழைந்தபோது, சாப்பாட்டு மேசையில் குத்துவிளக்குக்கும் பித்தளைச் செம்புக்கும் நடுவில் அவருடைய ரிவோல்வர் பளபளத்துக்கொண்டிருந்தது.

காலையில் அவர் புறப்படும்போது அது கறுப்பும் மண்ணிறமும் கலந்த நிறத்தில் இருந்தது. ஜெர்மன் படை 1883இல் பாவனைக்கு எடுத்த மொடல். அதற்குப் பொருந்தும் ரவையை, அதாவது தோட்டாவை, இப்போது கடைகளில் விற்பதில்லை. ஆகவே லைசென்ஸ் இல்லாமல் அலங்காரத்துக்கு வைத்திருக்கலாம்.

"என்னப்பா செய்தனீர்?"

"விளக்கு மினுக்கினனான். பழப்புளி மிஞ்சிப்போச்சு. நாளைக்குப் பெரியாக்கள் வருகினம் எண்டு சொன்னனீங்கள். இது துருவேறிக் கறள் பிடிச்சுக் கிடந்தது," என்றாள் மனைவி நகுலேஸ்வரி.

"அது கறள் இல்லை."

"அப்ப என்ன?"

"அதுதான் அதின்ர வயசு."

கத்தவேண்டும் போல இருந்தது. முடியவில்லை. நகுலேஸ்வரி துவக்கைத் தொடுகிற ஆள் இல்லை. ஊரில் அவளுடைய தம்பிமார் இருவரையும் துவக்குத்தான் கொண்டுபோனது. ஜெர்மனியில் இருந்த காலத்தில் பிடித்த பைத்தியம் லண்டனிலும் விடாமல் அவர் இதை வாங்கி வந்த அன்று, துவக்குக்குப் பயந்து நாடு நாடாக ஓடிவந்தவர்கள் அதைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவருவதா என்று கேட்டுவிட்டு, மூன்று நாள் பேசாமல் இருந்தாள். இன்றைக்குத்தான் முதன்முதலாக அதைக் கையில் எடுத்திருக்கிறாள். அதுவும் அவருக்காக.

நாளை வரப்போகிறவர் பத்மநாதன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, என்ஜினியராகி, இங்கேயே ஓய்வு பெற்றவர். பழைய ஜெர்மன் துவக்குகளைச் சேகரிப்பவர்களின் சிறிய சங்கமொன்றுக்குச் செயலாளர். அவர் பார்த்துச் சரியென்றால், அக்டோபர் கண்காட்சியில் குலசேகரத்துக்கென்று ஒரு மேசை கிடைக்கும், பெயர் எழுதிய அட்டையோடு. நாலு வருடமாகக் கண்காட்சியில் மற்றவர்களுக்கு மேசை தூக்கிப் போட்டவர் குலசேகரம்.

சங்கத்தின் முதல் விதி, மினுக்கக் கூடாது. பத்மநாதன் ஒவ்வொரு கூட்டத்தையும் அதைச் சொல்லித்தான் தொடங்குவார். மினுக்கிய துவக்கு, பல் கட்டிய கிழவன் மாதிரி என்பார்.

குலசேகரம் மரப்பிடியைக் கழற்றினார். பழைய நிறம் திரும்பட்டும் என்று பதினாலு தேயிலைப் பைகளைக் கொதிக்கவைத்து, இரும்பை அதற்குள் இறக்கினார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தபோது, அது அறை வாங்கிய கன்னம் மாதிரி நீலம் பாரித்திருந்தது.

நீலத்தைப் போக்க வினாகிரியும் உப்பும் பூசினார். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார். நீலம் போயிருந்தது. அந்த இடத்தில் கேசரி நிறத்தில் ஏதோ பூத்திருந்தது.

நகுலேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "இதுவும் வயசோ?"

"இல்லை. இது கறள்."

அவள் உள்ளே வந்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "புதுத் தோசைக்கல்லைப் பழக்க எனக்குத் தெரியும். இஞ்சை தாங்கோ."

அவர் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் உலகத்தில் ஏதோ ஒன்றை நிச்சயமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இரும்பை அடுப்பில் காயவைத்து, பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தாள். புகை மண்டி அலாரம் அலறியது. பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். குலசேகரம் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினார்.

கடைசியில் ரிவோல்வர் நல்ல கறுப்பாக வந்தது. அதில் முட்டைத் தோசையே வார்க்கலாம் போல இருந்தது.

ஞாயிறு பதினொரு மணிக்குப் பத்மநாதன் கழுத்துப்பட்டியோடு வந்தார். கூடவே மனைவி புனிதா. அந்த அம்மா வடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக இருந்துகொண்டார். இப்படி எத்தனையோ வீடுகளில், எத்தனையோ துவக்குகளுக்குப் பக்கத்தில் இருந்து பழகியவர் போலத் தெரிந்தது.

பத்மநாதன் வெள்ளைக் கையுறை மாட்டினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். குழலின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனவர், நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"சமையல் நடக்குதா?"

"ஓம்," என்றார் குலசேகரம். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

பத்மநாதன் திரும்பக் குனிந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையுறை விரல் கறுத்தது. குலசேகரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையும் அட்டையும் அந்த விரல் நுனியில் கரைந்துபோவது தெரிந்தது.

பத்மநாதன் கையுறையைக் கழற்றி மடித்தார். தன் பையிலிருந்து பட்டுத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே மாதிரி ரிவோல்வர். ஆழ்ந்த, அமைதியான மண்ணிறம். கண்ணை எடுக்க முடியவில்லை.

"இதத் தொட்டுப் பாருங்க. இதுதான் நூறு வருஷம். இந்த நிறத்த மனுஷன் கை செய்ய முடியாது, குலசேகரம். காலம் மட்டுந்தான் செய்யும்."

குலசேகரம் தொட்டுப் பார்த்தார். உண்மைதான் என்று பட்டது.

"வருத்தமாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்று பத்மநாதன் தன்னுடையதை மட்டும் பக்குவமாகச் சுற்றிக்கொண்டு, காரை எடுத்து வாசலுக்குக் கொண்டுவர வெளியே போனார்.

வாசல் கதவு சாத்தியதும் நகுலேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. புனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பழப்புளியில் தொடங்கி வெங்காயம் வரை எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். இந்த மனுசன் ஒரு மேசைக்காக நாலு வருடம் காத்திருந்தது, நான் அதை ஒரு காலைப்பொழுதில் கழுவி ஊற்றிவிட்டேன் என்றாள்.

புனிதா வடையின் கடைசித் துண்டை மென்று முடித்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பத்மநாதன் இன்னும் காரை அடையவில்லை. புனிதா தலையைத் தாழ்த்தி, குரலையும் தாழ்த்தினார்.

"தேயிலை, வெங்காயமெல்லாம் சரிப்படாதும்மா, நான் இவரோட பதினொரு துப்பாக்கியையும் புளி போட்டுத் தேய்ச்சிட்டு, இவர் முழங்கால் ஆப்பரேஷனுக்குப் படுத்திருந்த ஆறு வாரமும் ரோஜாச் செடிக்கடியில எருவுக்குள்ள புதைச்சு வச்சேன்."