நூறு கிலோவுக்கு முன்னால் ஒரு வாழைப்பழம்

ஜிம் கோச் கோபு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டான்.

"இன்னும் ரெடியாகலை போல," என்றான் தினகரன், வாழைப்பழத்தின் கடைசித் துண்டை விழுங்கியபடி.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் அந்த ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது முதல்முறையாக நூறு கிலோவைத் தரையிலிருந்து தூக்கப் போகிறார்கள் என்றால், மற்றவர்கள் எல்லாரும் பயிற்சியை நிறுத்திவிட்டு வட்டமாக நிற்பார்கள். ஓனர் தனக்கோடி கம்பிக்கு முன்னால் சூடம் ஏற்றித் தேங்காய் உடைப்பார். அவர் குடும்பம் நெல் விளைவித்த இடம் அது. அன்று கலப்பைக்குச் செய்த மரியாதை, இன்று இரும்புக்கு.

இன்று தினகரன் முறை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வளைந்த முதுகு அவனுடையது. ஆனால் மகள் வினிதா, "எங்கப்பா நூறு கிலோ தூக்குவாரு" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். வீடியோ எடுக்க, செல்போனும் கையுமாகப் படிக்கட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வீட்லயே இட்லி சாப்ட்டியேப்பா. இப்ப எதுக்குப் பழம்?"

"அது வேற, இது வேற கண்ணு. இட்லி மெதுவா சர்க்கரையா மாறி, சதைக்குள்ள போய் சேமிப்பா உக்காந்துக்கும். பழம் சட்டுனு ரத்தத்துல ஏறும். யோசிச்சுப் பாரேன்! இப்ப வாய்க்குள்ள போன பழம், கொஞ்ச நேரத்துல கை வழியா இரும்பைத் தூக்குது. எப்பேர்ப்பட்ட மெஷின் இது!"

சொல்லும்போதே அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"தூக்காம சும்மா உக்காந்திருந்தா?"

"வேகம் அடங்கிடும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவசரமாக டப்பாவைத் திறந்தான். மனைவி அனுப்பிரியா அவித்துக் கொடுத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கோபு எட்டிப் பார்த்தான், போய்விட்டான்.

கிழங்கு மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பது தின்று முடித்த பிறகு ஞாபகம் வந்தது. அதை முடுக்கிவிடப் பேரீச்சம்பழம். பேரீச்சையின் தித்திப்புக்கு இளநீர். இளநீர் வயிற்றில் குலுங்கியது. அதை அமுக்கி வைக்கக் கீழே மெஸ்ஸிலிருந்து பொங்கல். கோபு மறுபடியும் வந்தான்; பொங்கலைப் பார்த்தான்; பெருமூச்சு விட்டுப் போனான்.

"பொங்கல் வேறயாப்பா?"

"அரிசி கண்ணு! உலகத்துலயே..." வாய் நிறைந்திருந்ததால் வியப்பு முழுதாக வெளியே வரவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு திரும்பியதும் உள்ளே தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. ஒருவழியாக!

பாட்டு நின்றது. சூட வாசனை. வட்டமாக ஆட்கள். தினகரன் குனிந்தான். பாதி வழியில் பொங்கல் மறித்தது. மூச்சை அடக்கி இழுத்தான்.

இரும்பு எழுந்தது! அத்தனை கனமும் தரையை விட்டு, ஏதோ நினைவு வந்து எழுந்துகொண்டதுபோல, முழங்கால்வரை வந்தது. கூட்டம் வாய் பிளந்தது. இட்லியும் பழமும் கிழங்கும் தன் தோளுக்குள் கைகோத்து நிற்பதை அவன் உணர்ந்தான். கண்ணில் நீர் முட்டியது.

அப்போதுதான் அந்த ஏப்பம் வந்தது.

கம்பி தரையில் விழுந்து ஜன்னல்கள் அதிர்ந்தன. வினிதா மெல்ல போனைத் தாழ்த்தினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"எல்லாம் உங்களாலதான்!" என்று கோபுவிடம் பாய்ந்தான். "காலையில வரச் சொல்லிட்டு இவ்ளோ நேரமா காக்க வெப்பீங்க? நீங்க லேட் பண்ணப் பண்ண நான் புதுசு புதுசா சாப்பிட வேண்டியதாப் போச்சு!"

கோபு தலையைச் சொறிந்தான்.

"நீங்க வந்தப்பவே எல்லாம் ரெடியாத்தான் சார் இருந்துச்சு. கூப்புட வர்றப்பல்லாம் நீங்க துன்னுகினு இருந்தீங்க. துன்ற ஆளை எயுப்பினா பாவம்னு ஓனரு சொல்லிட்டாரு, அதான் காத்துகினு இருந்தோம்."