முறுக்குக்கு முன் இருக்கை

சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனித குலம் ஏங்கிக் காத்திருந்த முன்னேற்றம், சென்ற தை மாதம் எங்கள் முறுக்குக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. அன்றுதான் கம்பெனி முடிச்சூர் சந்துக்குள் இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு, படப்பைக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓரத்துக்கு இடம் மாறியது. அலுவலகக் கடிதங்களை எல்லாம் எண் போட்டுக் கோப்பில் வைத்திருக்கும் எழுத்தர் என்ற முறையில், இந்த வரலாற்றைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

மாறியதற்குக் காரணம் விஞ்ஞானம். முடிச்சூர் சந்துக்குள் பெரிய லாரி நுழையாது. குட்டி வண்டியில் ஏற்றி, மெயின் ரோட்டில் இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றுவதற்குள் நூற்றுக்குப் பதினோரு முறுக்கு உடைந்தது. முதலாளி ஜெபராஜ் சாரின் மனமும் உடைந்தது. ஆலோசகர் ஸ்ரீநிவாசராகவனை வரவழைத்தார். அவர் மூன்று நாள் சந்தில் நின்று முறுக்கைக் கவனித்துவிட்டு, 'சந்தை அணுகல்' என்று அறிக்கை கொடுத்தார்.

"தொழிற்சாலை சந்தையைப் பாத்து நகரும் சார். தொழிலாளி தொழிற்சாலையைப் பாத்து நகருவார். இயற்கை."

நகர்ந்தோம். வடக்கேயிருந்து வந்த இருபது பேர் மாவு மூட்டைகளுக்குப் பின்னாலேயே தங்கிக்கொண்டார்கள். 'வேலைக்கு வரும் தூரம்' என்ற கட்டத்தில் அவர்களுக்குப் பூஜ்யம் போட்டேன். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவர்களை ஒரே பேனா வீச்சில் பக்கத்து வீட்டுக்காரர்களாக்கிய பெருமை எங்கள் படிவத்தைச் சேரும். எனக்கும் பூஜ்யம்தான். முதலாளியின் கார் தாம்பரத்தில் என் வீட்டு வாசலிலேயே என்னை ஏற்றிக்கொள்கிறது.

இத்தனை ஒழுங்கில் ஒரே உறுத்தல் கங்கையம்மாள். ஏழு வருடமாக முறுக்கு சுற்றுபவர். பாக்கெட்டின் மேல் நாங்கள் போட்டிருக்கும் படம் அவர் சுற்றிய முறுக்குதான். வீடு பெரும்பாக்கம் குடியிருப்பில். இரண்டு பஸ் மாறி, இறங்கி ஓடி வந்தாலும் எட்டு இருபது ஆகிவிடும். கேட் எட்டுக்கு மூடும். மூன்று நாள் தவறினால் 'தாமாகவே விலகிக்கொண்டதாகக் கருதப்படும்'. இந்த அழகிய வாக்கியம் அடியேன் எழுதியது. இடம் மாறிய முதல் இரண்டு நாளும் அவர் தவறியிருந்தார். குறை கேட்பதற்கென்று கூட்டமே போட்டோம். அப்படிப்பட்ட நிர்வாகம் எங்களுடையது.

"நீங்க இடம்பெயரலாமே அம்மா," என்றார் ஆலோசகர் கனிவாக.

"எத்தினி தபா சார்? கூவத்தாண்ட இருந்த வூட்ட இட்ச்சி, பெரும்பாக்கத்துல கொண்ணாந்து போட்டாங்கோ. வேலையத் தேடிகினு முடிச்சூர் வந்தேன். இப்ப வேலையே எயுந்து ஓடுது. வூட்டத் தலையில தூக்கிகினு நானும் பின்னாடியே ஓடவா?"

"அருமையான எடுத்துக்காட்டு," என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். நம்ம லாரி கடசியா எங்க பிளாக்குக்குக் கீழ கீற கடைக்குத்தான் வருது. ஆறரைக்கு சரக்க எறக்கிட்டுக் காலியாத் திரும்புது. ட்ரைவர் சவுரிமுத்து அண்ணன் பக்கத்துல குந்திகினு வந்துடறேன்."

"அந்த சீட்டு காலி இல்லியேம்மா," என்றார் ஜெபராஜ் சார், உண்மையான வருத்தத்தோடு. "கடைக்காரங்க திருப்பிக் குடுக்கற ஒடஞ்ச முறுக்கு அதுலதான் வருது."

"லாரி பூரா காலியாத்தான கீது? பின்னால போடுறது!"

"பின்னால போட்டா குலுங்கும்," என்றார் ஆலோசகர். "இன்னும் ஒடையும். அப்புறம் எந்தக் கட்டத்துல ஒடஞ்சதுன்னு எப்படி ஆய்வு பண்றது?"

கங்கையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "முறுக்குக்கு சீட் பெல்ட்டு போடுவீங்களா சார்?"

நல்ல யோசனையாகத் தோன்றியதால் அதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு லாரி வந்தது. கேட் அகலத் திறந்தது. முன் இருக்கையில், சீட் பெல்ட்டுக்குள், ஒரே ஒரு பாக்கெட். உள்ளே முழு முறுக்கு ஒன்றுகூட இல்லை, எல்லாம் தூள்.

சவுரிமுத்து தலையைச் சொறிந்தார். "கங்கையம்மா குட்த்துச்சி சார். கடையில துட்டு குட்த்து வாங்கி, எம் முன்னாலயே ஓங்கி ஒரு குத்து. 'இது நான் சுத்துனது. எட்டு மணிக்கு முன்னாடி போய்ச் சேருது. எய்த்தர் சாராண்ட சொல்லி எனக்கு அட்டென்டன்ஸ் போடச் சொல்லு'ன்னுச்சி. 'நீயும் ஏறிக்கக்கா, நான் சொல்லிக்கிறேன்'னேன். 'சீட்டுல ஆளு கீதுப்பா'ன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துருச்சி."

எதையும் முறையாகச் செய்பவன் நான். பாக்கெட்டை எடை போட்டேன். 'திரும்பி வந்த சரக்கு' பதிவேட்டில் நேரம் 7.52, நிலை உடைந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எட்டு அடித்ததும் கேட்டை மூடச் சொன்னேன். பிறகு கங்கையம்மாள் தாமாகவே விலகிக்கொண்ட கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

எட்டு இருபதுக்குக் கேட்டை யாரோ தட்டும் சத்தம். காவலாளி ஓடி வந்து என்னைப் பார்த்தார்.

"சரக்கா, ஆளா?" என்று கேட்டேன்.

"ஆளு சார்."

"திறக்க வேண்டாம்," என்றேன்.